இரண்டு அங்காளம்மாள்

ராஜபாளையத்தில் ஸ்டூடியோவுக்குள் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று மைதீன் பிச்சை சொல்வார். அடுத்த தெரு ஸ்டூடியோவில் அதற்கு முன்பே வந்துவிட்டதே என்று யாராவது எடுத்துச் சொன்னால், "அது டைப் அடிக்கிற கம்ப்யூட்டர்வே" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. மதுரையில் ஒருவரிடம் போய்த் தங்கி, படங்களை ஒன்றோடொன்று கலக்கும் சாஃப்ட்வேரைப் படித்துவிட்டு வந்திருந்தார். படித்ததைவிடப் படித்ததாகச் சொல்லிக்கொண்டது கூடுதல்.

விஷயம் சாதாரணமானதுதான். நம் கண் வெயிலையும் நிழலையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும். கேமராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பின்னால் மலை தெளிவாக விழுந்தால் முன்னால் நிற்கிற ஆளின் முகம் அடுப்புக்கரியாகிவிடும். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் மலை வெளுத்துக் காணாமல் போய்விடும். அதனால் ஸ்டாண்டை அசைக்காமல் முகத்துக்கு ஒரு எக்ஸ்போஷர், மலைக்கு ஒரு எக்ஸ்போஷர் என்று தனித்தனியாக எடுத்து, ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் நன்றாக விழுந்ததை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட வேண்டியது. முகமும் இருக்கும், மலையும் இருக்கும். தன்னுடைய கமர் ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவில், 'பல படம் எடுத்து ஒரு படம் தரப்படும்' என்று எழுதி ஒட்டினார்.

மலையையும் முகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ராஜபாளையத்தில் ஒருவருக்கும் தவிப்பு இருக்கவில்லை. ஊருக்கு வேறு தவிப்புகள் இருந்தன. ஒரு காண்டிராக்டர் வந்து, தான் போகாத மாநாட்டு மேடையில் தன்னை உட்கார வைக்கச் சொன்னார். ஓர் அம்மாள் பழைய கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து, "எங்க ஓர்ப்படியா மட்டும் இதுல வேண்டாம். அவ கட்டியிருக்க சேலை இருக்கட்டும், அது என்னோடது" என்றாள். இன்னொருவர், மாமனார் வீட்டில் தன்னைக் கண்டாலே கடிக்க வரும் நாயைத் தன் காலடியில் படுக்கப் போடச் சொன்னார். மைதீன் பிச்சை எல்லாவற்றையும் செய்துகொடுத்தார். மதுரையில் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை; ஊர்தான் சொல்லித்தந்தது. 'கம்ப்யூட்டர் பாய்' என்று பெயர் வந்தபோது அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் கல்யாணத் தரகர் பொன்னுராஜ் அவரைத் தேடி வந்தார்.

சுந்தரபாண்டியத்தில் முத்துவீரன் என்று ஒருவர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி சோலைச்சாமி, போலீசில் ஏட்டு. நாட்டைக் காக்க ஒருவர், ஊரைக் காக்க ஒருவர் என்று ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் கிளம்பிப் போனார்கள். திரும்பி வந்து இருவரும் கிணற்றுத் தண்ணீருக்குச் சண்டை போட்டு, இருந்த ஒரு வீட்டின் குறுக்கே சுவர் எழுப்பிக்கொண்டார்கள். சுவர் வீட்டுக்குள்ளே தொடங்கி, நடைவாசலைத் தாண்டி, முற்றத்தில் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிவிட்டது.

முத்துவீரனின் மகள் அழகுத்தாய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஐயாதுரை கோர்ட்டில் வேலை பார்த்தவர். ஆயுள் முழுக்க அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்குக் கட்டுகளையே தூக்கித் தூக்கி, கூடப்பிறந்தவர்கள் அடித்துக்கொள்ளும் வீட்டில் சம்பந்தமே வைக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியத்துக்கு வந்திருந்தார்.

"பொண்ணு போட்டோ வேண்டாங்காரு பாய்" என்றார் பொன்னுராஜ். "அண்ணன், தம்பி, பெத்த தாய் எல்லாரும் ஒண்ணா நிக்கிற குடும்பப் படத்தைக் கொண்டாங்க, அதைப் பாத்துட்டுத்தான் பொண்ணு பாக்க வருவேங்காரு."

"அண்ணன் தம்பிய நிக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"படத்துல நிக்கோம், பக்கத்துல நிக்க மாட்டோங்காவ. தம்பிக்காரருக்கும் கல்யாண வயசுல மவன் இருக்கான். இந்த இடம் தட்டிப்போனா அடுத்தது உங்க வீட்டுக்குந்தான் தட்டும்னு சொல்லி, அம்புட்டு தூரம் இறக்கிக் கொண்டாந்திருக்கேன். மிச்சத்தை உங்க கம்ப்யூட்டரு பாத்துக்கிடணும்."

மைதீன் பிச்சை சிரித்தார். மலையும் முகமும் சேராதபோது சேர்த்து வைத்தவருக்கு அண்ணனும் தம்பியும் எம்மாத்திரம்.

ஆனி மாதம் ஒரு காலைப்பொழுதில் சுந்தரபாண்டியம் போய், வீட்டுக்கு எதிரே ஸ்டாண்டை நட்டார். திட்டம் தெளிவாக இருந்தது. முதலில் அண்ணன் குடும்பம் இடது பக்கம் நிற்கும், வலது பக்கம் காலி. அவர்கள் உள்ளே போனதும் தம்பி குடும்பம் வந்து வலது பக்கம் நிற்கும், இடது பக்கம் காலி. மூன்றாவதாகப் பின்னால் தெரியும் மலைக்கு ஒன்று. நான்காவதாகத் தாய் அங்காளம்மாள் மட்டும் நடுவில், சுவரை மறைத்தாற்போல நிற்க வேண்டும். நாலையும் கலந்தால் ஒரு குடும்பம் கிடைத்துவிடும்.

அங்காளம்மாளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டைப் பிரித்தபோது தாயை மட்டும் பிரிக்க முடியாததால் முறை வைத்திருந்தார்கள். சித்திரை பெரியவன் வீட்டில், வைகாசி சின்னவன் வீட்டில், மறுபடி ஆனி பெரியவன் வீட்டில். மாதம் பிறந்தால் அங்காளம்மாள் தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவரைச் சுற்றி மறுவாசலுக்குப் போவாள். இதில் ஆனி மாதம் மட்டும் முப்பத்தொன்றைத் தாண்டி ஒரு நாள் நீண்டுபோகும். 'அந்த ஒரு நாள் சோறு என் கணக்கில் வராது' என்று பெரியவர் சொல்லிவிட்டார். 'ஆனி அவர் மாதம்' என்று சின்னவர் சட்டம் பேசினார். அதனால் அந்த ஒரு நாள் மட்டும் அங்காளம்மாள் பஸ் ஏறி எங்காவது போய்விடுவாள். ஒரே மூலையில் பெட்டியை வைத்து, வைத்த இடத்திலேயே கண்ணை மூட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு ஆசை என்று எதுவும் இருக்கவில்லை. அதை அவள் ஒருவரிடமும் கேட்டதும் இல்லை. கேட்டால் இருக்கிற முறையும் போய்விடுமோ என்ற பயம்.

முதல் படத்துக்கு முத்துவீரன் தன் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி, "அட்டென்ஷன்" என்று ஒரு சத்தம் கொடுத்தார். பிறகு தாயைப் பார்த்து, "எம்மா, இங்க வந்து உக்காரு. சம்பந்தி பாத்தா நீ எங்கூட இருக்கன்னு தெரியணும்" என்றார். அங்காளம்மாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். படம் எடுத்தாயிற்று. அடுத்து ஏட்டு சோலைச்சாமி தொப்பியோடு வந்து நின்று, "எம்மா, எங்க போற? இங்கன வா" என்றார். அங்காளம்மாள் அதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். ஒருவருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை. அவள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவது அந்த வீட்டில் காற்று வீசுவதுபோலச் சாதாரணம். மைதீன் பிச்சையோ மலைமேல் வந்துகொண்டிருந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வந்து மூடுவதற்குள் மூன்றாவதையும் எடுத்துவிட்டு, நடுவில் தாயைத் தனியாக எடுக்க வேண்டும் என்பதையே மறந்து, ஸ்டாண்டை மடக்கிவிட்டார்.

ஸ்டூடியோவில் படங்களை அடுக்கிய பிறகுதான் தெரிந்தது. அண்ணன் குடும்பம் வந்தது, தம்பி குடும்பம் வந்தது, மலையும் தெளிவாக வந்தது. அண்ணன் பக்கத்தில் ஓர் அங்காளம்மாள், தம்பி பக்கத்தில் ஓர் அங்காளம்மாள், இருவருக்கும் நடுவில் சுவர். முதல் படம் எடுக்கும்போது அவள் காலியாகக் கிடந்த வலது பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். இரண்டாவதில் காலியாகக் கிடந்த இடது பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். கலந்துவிட்ட படத்தில் இரண்டு அங்காளம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைதீன் பிச்சை, போனால் போகிறது, ஒன்றை அழித்தால் தீர்ந்தது என்று தேறிக்கொண்டார்.

எதை அழிப்பது என்று கேட்கப்போய்த்தான் வினை வந்தது. முத்துவீரன் வந்து பார்த்தார். "அந்தப் பக்கம் இருக்கதை எடுத்துரும் பாய். மூத்தவன் நான் இருக்கையில அம்மா அவன்கிட்ட இருந்தா சம்பந்தி என்ன நெனைப்பாரு? எம்மவ கல்யாணம்லா இது?"

மறுநாள் சோலைச்சாமி வந்தார். "ஒத்தாசைக்கு வந்து நின்னவன் நானு. இப்ப அம்மாவும் அவர் பக்கம்னா, நான் தாயைக் கவனிக்காதவன்னு ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கப் பேச்சாயிரும். என் உத்தியோகம் என்னாகும்? அந்தப் பக்கத்தை அழியும்" என்றார். போலீஸ்காரர் சொன்னதால் மைதீன் பிச்சை எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

இப்படி இழுபறியாகக் கிடந்தபோதுதான் ஆனி மாதக் கடைசி வந்தது. யார் கணக்கிலும் வராத அந்த நாளில் அங்காளம்மாள் கிருஷ்ணன்கோவில் வந்து பஸ் மாறி, ராஜபாளையத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு கமர் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தாளாம். மைதீன் பிச்சை டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டு பேரா இருக்கனே அய்யா" என்றாள்.

"ஒண்ணை எடுத்துருவேன் ஆச்சி. எதை எடுக்கதுன்னுதான் தகராறு."

"ரெண்டு பேரும் என்னை அந்தாண்ட போகச் சொல்லுதாவளாக்கும்?"

"இல்ல ஆச்சி. ரெண்டு பேருமே அம்மா எம்பக்கம்தான் இருக்கணுங்காவ."

அங்காளம்மாள் கையில் இருந்த பன் அப்படியே நின்றது. "நெசமாவா? ரெண்டு பேருமா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். "அடிச்சுக்கிடுதாவளோ எனக்காவ?" என்று மறுபடி கேட்டாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்த எக்ஸ்போஷர் வைத்தும் பிடித்திருக்க முடியாது. மைதீன் பிச்சைக்கு அப்போதே வாயைத் திறந்து, 'ஆச்சி, அது படத்துக்குத்தான்' என்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கும் ஒரு மனுஷியிடம் அதை எப்படிச் சொல்வது? அவரும் கோழைதான். கம்ப்யூட்டர் வாங்கினால் அதெல்லாம் போய்விடுமா?

அவள் ஊருக்குத் திரும்பி, முற்றத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாசலுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். "ஏலே, ரெண்டு பேரும் எனக்காவ அடிச்சுக்கிடாதீங்க. படத்துல யார் பக்கம் உக்காந்திருக்கனோ அவன் வீட்டுலயே இனி இருந்துக்கிடுதேன். பெட்டியத் தூக்க இனி ஏலாது. அந்தப் பாய் எதை வைக்காரோ அதுதான் எனக்கு."

அடுத்த நாள் காலை கமர் ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கும்போது முத்துவீரன் வாசலில் நின்றார். "பாய், யோசிச்சுப் பாத்தேன். தம்பி சின்னவன். அவன் மனசு நோகக் கூடாது. எம்பக்கம் இருக்க அம்மாவை எடுத்துரும்" என்றார். அவர் போய் டீக்கடை தாண்டியிருக்க மாட்டார், சோலைச்சாமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "பெரியவர்னு ஒரு மரியாதை இருக்குல்லா பாய்? அம்மா அவிய பக்கத்துல இருக்கதுதான் முறை. எம்பக்கத்தை அழிச்சிரும்." ராமனும் பரதனும் தோற்றுப்போகும்படி இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுத்தது யாரை என்பதுதான் விஷயம்.

இதற்குள் ஐயாதுரை இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்கிறார் என்று பொன்னுராஜ் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் அண்ணனையும் தம்பியையும் ஒரே நேரத்துக்கு ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார்கள். இருவரும் வந்தார்கள். ஒரே பெஞ்சில் இரண்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். திரையில் இரண்டு அங்காளம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தொண்டையைக் கனைத்தது முத்துவீரன்தான். சுவரைப் பார்த்துப் பேசுவதுபோலப் பேசினார். "ஒரு பக்கம் வச்சா ஒரு பக்கம் வருத்தம்."

சோலைச்சாமியும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னார். "வருத்தம் வேண்டாம்."

"ரெண்டையும் எடுத்துட்டா?"

சோலைச்சாமி திரும்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பார்த்தார். "அதுதாண்ணே நியாயம்" என்றார்.

இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. பொன்னுராஜ் எழுந்து இரண்டு பேரின் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்தார். ஒற்றுமை என்றால் இதுவல்லவா ஒற்றுமை. வெளியே போய் நான்கு டீயும் ஒரு பொட்டலம் காராச்சேவும் வாங்கிவந்து சாப்பிட்டார்கள். மைதீன் பிச்சை மட்டும் தொடவில்லை. அவர் இடது பக்கத்து அங்காளம்மாளை அழித்தார், பிறகு வலது பக்கத்து அங்காளம்மாளை அழித்தார். அழிக்கும்போது நாற்காலியின் ஒரு கால் மட்டும் மிச்சம் நின்றது; அதையும் அழித்தார். நடுவில் தெரிந்த சுவரை மறைக்க, சோலைச்சாமி யோசனைப்படி ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை வைத்தார். அண்ணனையும் தம்பியையும் தோளோடு தோள் நெருக்கினார். சாஃப்ட்வேர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. மதுரையில் படித்துவந்ததில் இத்தனை கச்சிதமாக அவர் செய்த வேலை வேறு எதுவும் இல்லை.

படம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிற்று. ஐயாதுரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல்லா குடும்பம்! மலை மாதிரி நிக்காங்கய்யா ரெண்டு பேரும். ஆமா, பெத்தவ எங்க?"

பொன்னுராஜ் ஒரு நிமிஷம் மேலே பார்த்தார். தரகு என்பது அந்த ஒரு நிமிஷத்தில் இருக்கிறது. "அவிய போய்ச் சேந்துட்டாவய்யா" என்றார்.

"அடடா. இருந்து இந்தப் பிள்ளைகளைப் பாக்கக் குடுத்து வைக்கலையே" என்று ஐயாதுரை மனமாரத் துக்கப்பட்டு, பொன்னுராஜுக்குப் பால்கோவா கொடுத்து, ஆடி கழிந்த முதல் புதன்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

சொன்னது சொன்னதாகிவிட்டது, இனி அதற்குத் தக்கபடி வீடு இருக்க வேண்டும். முற்றத்துச் சுவரைக் குரோட்டன்ஸ் தொட்டிகளை அடுக்கி மறைத்துவிடலாம். ஆனால் தாய் செத்துப்போன வீட்டில் மாலை போட்ட தாயின் படம் இல்லாமல் இருக்குமா? கோர்ட்டில் இருந்த மனுஷன் முதலில் சுவரில் தொங்கும் படங்களைத்தான் பார்ப்பார். அண்ணனும் தம்பியும் இப்போது சேர்ந்தே ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். இருக்கிற இரண்டு படத்திலும் தாய் பக்கவாட்டில் பார்ப்பதால் சரிப்படாது, நேராகப் பார்க்கிறாற்போல ஒன்று புதிதாக எடுக்க வேண்டும் என்று மைதீன் பிச்சை சொன்னார். தாயை இதற்கு அனுப்பக் கூசி விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். "நாளைக்கே அனுப்பி வைக்கோம் பாய்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மறுநாள் அங்காளம்மாள் தனியாக வந்தாள். துவைத்த வெள்ளைச் சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். முன்பு அவளை உட்கார வைத்த அதே கம்ப்யூட்டர் பக்கம் அவள் திரும்பியே பார்க்கவில்லை.

மைதீன் பிச்சைக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "வேண்டாம் ஆச்சி. உசுரோட இருக்க மனுஷிய இப்படி எடுத்தா பாவம். நீங்க வீட்டுக்குப் போங்க. மெசினு ரிப்பேருன்னு நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

"எந்த வீட்டுக்கு?" என்றாள் அங்காளம்மாள்.

அவளே ஸ்டூல் மேல் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "நல்லதாவே எடு அய்யா. பெருசாப் போட்டு ரெண்டு காப்பி குடு. பெரியவன் ஒண்ணு கேக்கான், சின்னவன் ஒண்ணு கேக்கான். மாலையெல்லாம் வாங்கி வச்சிட்டாவ." கேமராவை நேராகப் பார்த்தாள். "படத்துக்குச் சோறு வேண்டாம்லா. ஆணி அடிச்சு ஒரு தடவை மாட்டிட்டா, பொறவு அந்த இடத்தை விட்டு யாரும் எடுக்க மாட்டாவ."

கொஞ்சம் சிரியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் மைதீன் பிச்சை பட்டனை அழுத்துவார். அன்றைக்கு அவருக்கு அந்த வார்த்தை வரவில்லை. அங்காளம்மாள் தானாகவே சிரித்தாள்.